கிளட்ச், கியர், சாப்பாட்டுக்குப் பிறகு

தெருவிளக்கு இப்போதே எரியலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் குழந்தை அழ ஆரம்பிப்பான். முழங்காலை வயிற்றோடு மடக்கி, முஷ்டியை இறுக்கி, சொத்தை யாரோ ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டதைப் போல அழுவான். பசியில்லை, ஈரமில்லை, காய்ச்சலில்லை. பால் குடித்து, ஏப்பம் விட்டு, கையிலிருக்கும் வேலையெல்லாம் ஒழுங்காக முடித்துவிட்டு, அதன்பிறகு ஆர அமர அழுகிற ரகம்.

அவனுக்குச் சங்கு என்று பட்டப்பெயர் வைத்தது அப்பன்தான். ஆலைச் சங்கு மாதிரி நேரம் தவறமாட்டான் என்பதால்.

"பெத்த புள்ளைக்குப் போய் சங்குன்னு பேர் வைப்பாங்களா? மொதல்ல வாயைக் கழுவுங்க" என்று அம்மாக்காரி சண்டைக்கு வந்தாள். மூன்றாம் நாள் அவளே, "ஏங்க, சங்கு ஊதப்போவுது, ஜன்னலைச் சாத்துங்க" என்றாள்.

அப்பன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பிரேக் மாஸ்டர் என்று சொன்னால் அந்தப் பகுதியில் தெரியும். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்காரனுக்கும் ஒரு பிரேக் உண்டல்லவா, வருடக்கணக்காக அதை மிதித்து மிதித்து அவன் வலதுகால் தனிக்குடித்தனம் போய்விட்டது. சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது டிவியில் யாராவது வேகமாக ஓடினால்கூட மிதிக்கும். மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். இப்போது பிரசவ விடுப்பில், தன் கண்ணையே திறந்துவைக்க முடியாமல் வீட்டில் இருந்தாள்.

வயிற்றுவலி அழுகைக்கு உலகத்தில் எத்தனை வைத்தியம் உண்டோ அத்தனையும் அந்த இரண்டு அறை வீட்டுக்குள் வந்து தோற்றுப் போயிருந்தன. காலைப் பிடித்து சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். அவன் மிதித்துக்கொண்டே அழுதான். வெதுவெதுப்பான துணியை வயிற்றில் வைத்தார்கள், வெதுவெதுப்பாக அழுதான். முன்கையில் குப்புறப் போட்டு முதுகைத் தடவினார்கள். அது கொஞ்சம் பலித்தது. ஆனால் மூச்சு விட்டுக்கொள்ளத்தான் நிறுத்தியிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள், முடி உலர்த்தும் மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள். மாடிவீட்டு அக்கா, "நீ சாப்புடுறதுதான் அவனுக்கு ஆவல" என்று தீர்ப்புச் சொன்னதில் அம்மாக்காரி முட்டைக்கோசை விட்டாள், பருப்பை விட்டாள், காப்பியை விட்டாள். காப்பியை விட்ட அன்றைக்கு அவளும் சேர்ந்து அழுதாள்.

குழந்தை டாக்டர் வயிற்றைத் தட்டி, அழுத்தி, காதுக்குள் பார்த்து, எடை போட்டு, "ஒண்ணுமில்ல" என்றார். இவ்வளவு அழுகைக்கு ஒன்றுமில்லை என்பது ஒரு பதிலா? ஒன்றும் இல்லாததற்கு எந்தக் கடையில் மருந்து வாங்குவது?

"தானா வந்தது, தானா போயிடும். இன்னும் கொஞ்ச மாசம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருங்க."

"அவனுக்குப் பல்லே இல்லியே டாக்டர்" என்றான் பிரேக் மாஸ்டர்.

"உங்க பல்லைச் சொன்னேன்."

அந்த வாரம்தான் ஒரு சாயங்காலம், வகுப்புக்குப் புறப்பட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவன் கையில் மனைவி குழந்தையைக் கொடுத்தாள். பின்னாலேயே காரில் மாட்டும் குழந்தை இருக்கையையும் கொண்டுவந்து வைத்தாள்.

"எங்கயாவது கொண்டு போங்க."

"எங்க?"

"எங்கயாவதுன்னா எங்கயாவது. நான் ஒரு மணி நேரம் தூங்கணும். இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை. மெதுவாகச் சாத்தினாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தை இவளுக்கு எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று படியிறங்கும்போதே முடிவு செய்துகொண்டான்.

பயிற்சி, மூடிப்போன ஒரு சோபா கம்பெனியின் லாரி நிறுத்துமிடத்தில். ஊர்ந்துதான் போக வேண்டும். நடக்கிற நாய்கூட முந்திப் போய்விடும். பின்சீட்டில் இருக்கையை இறுக்கமாகக் கட்டி, சங்கை அதற்குள் வைத்துக் கட்டினான். அன்றைக்கு வந்த கல்லூரி மாணவி பாதி வகுப்பில், "மாஸ்டர், எனக்குக் காலேஜ்ல அசைன்மென்ட்" என்று இறங்கிப் போனாள். மறுநாள் வந்த வங்கி ஊழியர் இறங்கிப் போகக் காரணம்கூடச் சொல்லவில்லை. மிஞ்சியது மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான்.

மருந்துக்கடைக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஸ்டியரிங்கை, பாம்பின் கழுத்தைப் பிடித்த மாதிரி பிடிப்பார். காரை அவர் வாங்கி வருடம் ஆகிறது. ஓட்டத் தெரியாதே என்று, ஒத்தாசைக்கு மச்சினன் வந்து சேர்ந்தான். வந்தவன் வந்தவன்தான். காரும் அவனிடம், டிவி ரிமோட்டும் அவனிடம், குளியலறையில் முதல் உரிமையும் அவனிடம். "உங்களுக்கு லைசென்ஸ் வர்ற வரைக்கும் நான் எங்கயும் போவமாட்டேன் மாமா, கவலைப்படாதீங்க" என்று தினம் ஆறுதல் வேறு. லைசென்ஸ் வருவது அவருக்குக் கார் விஷயம் இல்லை, வீடு விஷயம்.

அவர் ஏறி உட்கார்ந்தபோது பின்னால் சங்கு கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். மருந்துக்கடைக்காரர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பயத்தில் அவருக்குக் காது அடைத்துவிடும். உதடு மட்டும் முணுமுணுக்க ஆரம்பித்தது.

"கிளட்சை அழுத்து... கியரைப் போடு... கண்ணாடியப் பாரு... ஹேண்ட் பிரேக்கை எறக்கு... கிளட்சை மெதுவா, மெதுவா விடு... இது காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு... திருப்பு, திருப்பு... சாப்பாட்டுக்கு அப்புறம்..."

முப்பது வருடமாகக் கல்லாவுக்குப் பின்னால் நின்று மாத்திரை அட்டையை நீட்டி நீட்டிச் சொல்லிப் பழகிய குரல். ஏற்றமில்லை, இறக்கமில்லை, முற்றுப்புள்ளியே இல்லை. பயம் முற்றினால் கிளட்சும் கியரும் மாத்திரைகளோடு கலந்துவிடும்.

இரண்டாவது வட்டத்தில் பின்சீட்டு அமைதியானது. பிரேக் மாஸ்டர் பதறித் திரும்பிப் பார்த்தான். சங்கு முஷ்டியை விரித்துப் போட்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். கடையில் இத்தனை வயிற்றுவலி மருந்து விற்றும் தீர்க்க முடியாததை மனுஷன் வாயாலேயே தீர்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, தூங்குகிற குழந்தையை ஏதோ போட்டியில் கோப்பை வாங்கி வந்தவனைப் போல நீட்டி, "நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டான்.

"ம்" என்றாள் அவள்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் மருந்துக்கடைக்காரருக்கு வகுப்பு. "எனக்கு மட்டும் இவ்வளவு அக்கறை எடுத்துக்கிறீங்களே மாஸ்டர்" என்று மனுஷன் நெகிழ்ந்தார். மாஸ்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் பின்சீட்டு பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். பெல்ட்டுக்காகத்தான் திரும்பினேன் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டான்.

சிக்கல், மருந்துக்கடைக்காரர் தேற ஆரம்பித்ததில் வந்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியே நகரும்போது கார் நகராதா? ஒருநாள் மூன்றாம் வட்டத்தில் வண்டி வெண்ணெயில் இறங்கிய கத்தி மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் கை தளர்ந்திருந்தது. உதடு ஆடவில்லை. வளைவு திரும்புவதற்குள் பின்னால் சங்கு ஒரு முனகல் முனகி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தான்.

"அண்ணே, வாய் நின்னு போச்சு" என்றான் மாஸ்டர்.

"பழகிடுச்சு மாஸ்டர். இப்பல்லாம் கையும் காலும் அதுவா செய்யுது."

"அதுவா செய்யக் கூடாதுண்ணே. நாமதான் செய்யணும். வாய்விட்டுச் சொல்லி ஓட்டுறதுதான் இன்டர்நேஷனல் முறை."

"அப்படியா?"

"வெளிநாட்டுல எல்லாரும் சொல்லிக்கிட்டேதான் ஓட்டுறான்."

மருந்துக்கடைக்காரர் மரியாதையோடு தலையாட்டிவிட்டு ஆரம்பித்தார். ஆனால் பயமில்லாத குரலில் சாரம் இல்லை. அது செய்தி வாசிப்பது மாதிரி இருந்தது, சங்கு மசியவில்லை. ஆகவே பயத்தையும் மாஸ்டரே ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

"அண்ணே, அந்தத் தூணைப் பார்த்து. போன வாரம் அது அங்க இல்ல."

"தூணா? தூண் எப்படி மாஸ்டர்..."

"அதான் எனக்கும் புரியல. நீங்க சொல்லிக்கிட்டே போங்க."

"கிளட்சை அழுத்து... கண்ணாடியப் பாரு... தூணைப் பாரு... வெறும் வயித்துல ஒண்ணு..."

சங்கு தூங்கினான்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். தொட்டில் ஆட வேண்டும் என்பதற்காகப் பக்கத்து வீட்டு ஆளைக் கிள்ளுகிறவனுக்கு இன்னும் பழமொழி வரவில்லை. மாஸ்டர் தினமும் கிள்ளினான். வண்டியில் இல்லாத சத்தத்தைக் கேட்டான், டயரில் இருக்கும் காற்றை இல்லை என்றான். "தேர்வுக்கு இன்னும் நாள் இருக்குண்ணே, அவசரப்படாதீங்க" என்றான். வீட்டுக்கு வந்து தினமும், "நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டான். அவள் "ம்" என்பாள். அந்த ஒரு எழுத்துக்காக எதையும் செய்யலாம் என்று அவனுக்குத் தோன்றும். காலையில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும்போது மட்டும் அப்படித் தோன்றாது. முகம், பிழிந்து உலர்த்த மறந்துபோன துணி மாதிரி இருக்கும்.

தேர்வு நாள் வராமல் போகுமா? வந்தது. தேர்வு மைதானத்தில் லைசென்ஸ் அதிகாரி பயிற்சிக் காரில் ஏறி உட்கார்ந்தார். மாஸ்டர் வேலிக்கு வெளியே நின்றான். பக்கத்தில் மச்சினன், மாமா காரின் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான்.

வண்டி கிளம்பியது. கண்ணாடி வழியே மருந்துக்கடைக்காரரின் உதடு ஆடுவது தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் அதிகாரி திரும்பி அவரைப் பார்த்தார். ஜன்னல் திறந்திருந்ததால் பேச்சு வேலி வரைக்கும் கேட்டது.

"யார்கிட்ட பேசுறீங்க?"

"இன்டர்நேஷனல் முறை சார். கிளட்சை மெதுவா விடு..."

"எனக்குக் காது வலிக்குது. வாயை மூடிக்கிட்டு ஓட்டுங்க."

வாயை மூடினார். வாயோடு மற்றதெல்லாம் மூடிக்கொண்டது. கை கியரில் நின்றது, கால் எதன் மேல் இருக்கிறது என்று காலுக்கே தெரியவில்லை. வண்டி ஒருமுறை குலுங்கி, மைதானத்தின் நடுவில் நின்றது. திரும்பக் கிளப்பினார், முன்னால் போக வேண்டியது பின்னால் போனது. அதிகாரி சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, தானே கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மருந்துக்கடைக்காரர் வேலிக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று மாஸ்டர் நின்றான்.

"உங்க மேல தப்பில்ல மாஸ்டர். நீங்க நல்ல முறையாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. பாவம், அவருக்கு அந்த முறை தெரியல."

மச்சினன் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தான். "விடுங்க மாமா. நான் இருக்கேன்ல? நான் எங்க போகப்போறேன்?"

"அதான்" என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்காரர் தன் காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப் போகிற பையன் மாதிரி மடியில் பையை வைத்துக்கொண்டார். மாஸ்டரின் வலதுகால் தரையை ஓங்கி மிதித்தது. நிற்க வேண்டியது எதுவும் நிற்கவில்லை.

அன்று மதியம், சங்கு நல்லபிள்ளையாக இருக்கும் நேரத்தில், சமையலறை வாசலில் நின்று மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். தூணைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்சீட்டைச் சொன்னபோது சிரிப்பு போய்விட்டது.

"அடப்பாவி மனுஷா. அவரு என்ன பாவம் பண்ணாரு?"

"நாளையிலேர்ந்து வாயே தொறக்காம ஓட்ட வைக்கப்போறேன். அப்ப இவன் கத்துவான். வகுப்புக்கு இவனைக் கொண்டு போறதுல அர்த்தமில்ல. உன் தூக்கம் போயிடும். அதான்..."

"எந்தத் தூக்கம்?"

"சாயங்காலத் தூக்கம்."

அவள் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "மொத நாளு தூங்கினேன். செத்த மாதிரி தூங்கினேன். அப்புறம் தூங்கவே இல்ல."

"தெனம் கேட்டேனே!"

"நீங்க கொண்டு போனதும் வீடு அமைதியாயிடும். அந்த அமைதியில எல்லாம் அவன் மாதிரியே அழுவுது. பைப்பு அழுவுது. ஃபிரிட்ஜ் அழுவுது. மேல அக்கா நாற்காலிய இழுத்தா அதுவும் அவன்தான். எந்திரிச்சு எந்திரிச்சு ஜன்னல்ல போய் நிப்பேன். அங்க யாரும் இருக்கமாட்டாங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"கோப்பை ஜெயிச்ச மாதிரி வந்து நிப்பீங்க. நல்லாத் தூங்கினியான்னு அவ்ளோ ஆசையா கேப்பீங்க. இல்லன்னு சொல்லி, ஏன்னு சொல்லி, அப்புறம் உங்களைத் தேத்தி... அதுக்கு ஒரு தெம்பு வேணும்ல? 'ம்'னா முடிஞ்சிடும்."

அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாள் ஒரு நல்ல மனிதரை முட்டாளாக்கிச் சேர்த்த தூக்கத்தையெல்லாம் கொண்டுவந்து கொட்டியது, அடியில்லாத பாத்திரத்தில். அழலாம் போலிருந்தது. ஆனால் அந்த வீட்டில் அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருந்தான்.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள் அவள். "இங்க உட்காந்து ஃபிரிட்ஜ் அழுவுறதக் கேக்குறதுக்கு, அங்க உட்காந்து பெத்தது அழுவுறதையே கேட்டுக்கறேன்."

மறுநாள் சாயங்காலம் பின்சீட்டில் சங்கும் அவளும். மாஸ்டர் தன் இருக்கையிலிருந்து கையைப் பின்னால் நீட்டி, குழந்தையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். வைத்ததால் ஒரு பயனும் இல்லை. இருந்தாலும் வைத்துக்கொண்டான். சங்கு நேரம் தவறவில்லை.

"இன்னைக்குப் பேசவே கூடாதுண்ணே. வாயை மூடிக்கிட்டு ஓட்டுங்க."

மருந்துக்கடைக்காரர் குழப்பத்தோடு பார்த்தார். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு கிளம்பினார். முதல் வட்டம் நொண்டியது, இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் மனுஷனுக்குக் காது திறந்துகொண்டது போலிருக்கிறது.

"மாஸ்டர், கொழந்தை ஏன் இப்படி அழுவுறான்? இத்தனை நாளா சீக்கிரம் அடங்கிடுவானே?"

"தெனமும் அழுவான்ணே. நீங்க பேசினா தூங்கிடுவான். அதான் உங்களைப் பேச வெச்சேன்."

ஒரு வட்டம் போனது.

"அப்ப அந்த இன்டர்நேஷனல் முறை?"

"அப்படி ஒண்ணு இல்லண்ணே."

இன்னொரு அரை வட்டம்.

"தூணு?"

"தூண் எப்பவும் அங்கதான் இருக்கு."

மருந்துக்கடைக்காரர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஓட்டிக்கொண்டே, முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னார்: "என் மச்சினன் இன்னைக்குக் காலையில என் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டான் மாஸ்டர்."

அதைவிடப் பெரிய வசவை மாஸ்டர் அதுவரை கேட்டதில்லை. "மன்னிச்சிடுங்கண்ணே" என்றான். அவர் மன்னிக்கவில்லை. கிளட்சை அழுத்தி இரண்டாவது கியருக்கு மாற்றினார். சத்தமே வரவில்லை. கோபத்துக்கு நடுவே பயத்துக்கு இடமில்லாமல் போயிருந்தது. தூணைச் சுற்றி ஒரு சாண் குறையாமல், ஒரு சாண் கூடாமல் திரும்பினார். நேரே போய்க் கோட்டில் நிறுத்தி, பின்னால் எடுக்க, கற்றுக்கொடுத்தபடி கண்ணாடியைப் பார்த்தார்.

பார்த்தவர் பார்த்தபடி இருந்தார்.

"மாஸ்டர்" என்றார் தணிந்த குரலில். "பின்னால பாருங்க."

சங்கு முகம் சிவக்க அலறிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் அம்மாக்காரி தலையை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்து, வாயைத் திறந்து, மெல்லிய குறட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை குழந்தையின் காலைப் பிடித்திருந்தது. அந்த அலறல் அவளுக்கு ஒரு தாலாட்டு மாதிரி கேட்டதோ என்னவோ. குழந்தை எங்கே இருக்கிறான் என்று அது சொல்லிக்கொண்டே இருந்ததே.

வகுப்பு முடிந்து எஞ்சினை நிறுத்தச் சொல்ல வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. மாஸ்டருக்கு வாய் வரவில்லை. அடுத்த மாணவர் வாசலில் வந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நாளாச்சு தூங்கி?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"எனக்குத் தெரியலண்ணே. தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"உங்க மேல இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றார் அவர். "அது வேற." பிறகு முதல் கியரைப் போட்டு, ஒரு குலுக்கலும் இல்லாமல் வண்டியை எடுத்தார். யாருமே எதிரில் வராத அந்த லாரி நிறுத்துமிடத்தில் முறையாக இண்டிகேட்டர் போட்டு, வலதுபுறம் திரும்பினார். சங்கு அழுதுகொண்டே வந்தான்.